பரிந்துரைக் கடிதத்துக்கு விலை வைக்காதீர்கள்: எங்கள் ஏற்றுமதியாளர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் கவனத்துக்கு,

போன வியாழக்கிழமை இரவு பத்து மணி வாக்கில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை போட்டீர்கள். செப்டம்பரில் அமெரிக்கா செல்லும் வியாபாரக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் விசா நேர்காணல் பயிற்சிக்கு ஆளுக்கு 18,000 ரூபாய் கட்ட வேண்டும், அதையும் நீங்கள் சொல்லும் அந்த ஒரு கன்சல்டன்டிடம்தான் கட்ட வேண்டும், கட்டியவர்களுக்கு மட்டுமே சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும் என்று அதில் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகளும் கட்டைவிரல்களும். நான் எதையும் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை 2025 ஜூலையிலேயே உங்களுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். சங்க அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட நகல் என் மேசையில் இருக்கிறது. பதில் இன்று வரை இல்லை. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கரூரில் கிச்சன் டவலும் ஏப்ரனும் தைத்து அனுப்புகிறவன். 38 தையல் மெஷின், வெளியே ஜாப் ஒர்க்குக்கு ஓடும் சில தறிகள், ஒரு பேக்கிங் ஷெட். அவ்வளவுதான் நம் சாம்ராஜ்யம். சங்கத்தில் பதினேழு வருட உறுப்பினர், சந்தா ஒரு வருடமும் பாக்கி வைத்ததில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், வெளியாள் ஒருவன் சேறு வாரி இறைக்கிறான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

போன வருடம் இதே கன்சல்டன்ட் நடத்திய இதே பயிற்சிக்கு, உங்கள் பேச்சை நம்பி நானும் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டலின் மினி ஹால், ஏ.சி., இரண்டு வேளை டீ. ஆளுக்கு ஒரு ஸ்பைரல் நோட்டு கொடுத்தார்கள். உள்ளே 64 கேள்விகள், 64 பதில்கள், எல்லாம் ஆங்கிலத்தில். அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும், ஒரு சொல்லும் மாறக் கூடாது. கோட் போட்டுப் போக வேண்டும். அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் பதில் வர வேண்டும், ஒரு நொடி யோசித்தால் ரிஜெக்ட். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டளை: தமிழில் பேசலாமா என்று அவர்களே கேட்டாலும் சம்மதிக்கக் கூடாது, தமிழ் பேசினால் 'லோ புரொஃபைல்' என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

அப்புறம் ஃபைல். வீட்டுப் பத்திரம், தோட்டத்துப் பத்திரம், ஆடிட்டர் கொடுத்த சொத்து மதிப்பீடு, ஐந்து வருட ஐ.டி. ரிட்டர்ன், ஜி.எஸ்.டி., ஐ.இ.சி., பேங்க் ஸ்டேட்மென்ட், கல்யாண போட்டோ. அசல் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்தபோது என் அம்மா கேட்டார்: "பஸ்ல வெச்சுட்டுத் தூங்கிட்டீன்னா என்னடா பண்ணுவ?" ராத்திரி முழுக்க ஆம்னி பஸ்ஸில் அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். அந்த ஃபைலை அன்றைக்கும் யாரும் திறக்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு தரம் போனபோதும் திறக்கவில்லை.

ஃபைல் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு நம்மில் பலர் போய் வந்திருக்கிறோம். அதற்கு வாங்கும் ஷெங்கன் விசாவில், அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவில், காகிதம்தான் பேசும். அழைப்பிதழ், பேங்க் ஸ்டேட்மென்ட், 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, ஓட்டல் புக்கிங் என்று அடுக்கிக் கொடுத்துவிட்டு, கைரேகை வைத்துவிட்டு வந்துவிடலாம். அமெரிக்க விசாவில் ஆன்லைனில் நிரப்பிய டிஎஸ்-160 படிவம், அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் இரண்டு மூன்று நிமிடம், பெரும்பாலும் இந்த இரண்டை வைத்தே முடிவு எடுத்துவிடுகிறார்கள். 18,000 ரூபாய் வாங்குகிற கன்சல்டன்ட் முதலில் சொல்ல வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். அதை அவர் சொல்லவே இல்லை.

அந்தப் படிவம் எப்படி நிரப்பப்பட்டது என்பதையும் சொல்கிறேன். என் விசிட்டிங் கார்டு, பாஸ்போர்ட் நகல் இரண்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு கன்சல்டன்ட் ஆபீஸில் ஒரு பெண் தட்டி முடித்துவிட்டார். நான் தனி உரிமையாளர். படிவத்தில் 'மேனேஜிங் டைரக்டர்'. மாத வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் ரிட்டர்ன்படி கணக்குப் போட்டால் 85,000 ரூபாய் வரும், அதில் மூன்று லட்சம் என்று போட்டிருந்தார்கள். அப்போதுதான் கெத்தாக இருக்குமாம். படிவத்தின் கடைசியில், இதை நிரப்ப வேறு யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி வரும். உதவியவர் பெயரைப் போட வேண்டிய இடம் அது. 'இல்லை' என்று தட்டியிருந்தார்கள். வேறொருவர் நிரப்பினாலும் கையொப்பப் பொத்தானை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும் என்பது விதி. என் கையொப்பத்தையும் அந்தப் பெண்ணே அழுத்திவிட்டார். எனக்கு வந்தது பார்கோடு போட்ட உறுதிப் பக்கம் மட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் விட்டது என் தப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கும் அவர் காட்டவில்லை.

2025 ஜூன். சென்னையில் ஜெமினி பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகம். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் கொடுத்து டோக்கன் வாங்கினேன். கோட்டுக்குள் சட்டை நனைந்துவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் நம் சங்கத்தார் இரண்டு பேர், அவர்களும் கோட்டில். மூவரும் ஒருவரையொருவர் தெரியாதது போல நின்றோம். அதுவும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, கொஞ்சம் அழுத்தி அழுத்திப் பேசும் நல்ல தமிழில், "தமிழ்ல பேசலாமா, இங்கிலீஷா?" என்று கேட்டார். சென்னையில் தமிழிலேயே நேர்காணல் கொடுக்கலாம். அதற்காகவே தமிழ் படித்துவிட்டு வரும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். எனக்கோ ஸ்பைரல் நோட்டுதான் கண்முன் வந்தது. "நோ மேடம், இங்கிலீஷ்" என்றேன். இத்தனை வருட வியாபாரத்தில் நான் செய்த மோசமான பேரம் அதுதான்.

"வாட் டு யூ மேக்?" என்று கேட்டார். நோட்டில் முதல் கேள்வி பயணத்தின் நோக்கம் பற்றியது. வாய் தானாக ஓடியது: "ஐ வாண்ட் டு எக்ஸ்ப்ளோர் நியூ பிசினஸ் ஆப்பர்ச்சூனிட்டீஸ் இன் தி கிரேட் கன்ட்ரி ஆஃப் அமெரிக்கா." அவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். "டெக்ஸ்டைல்ஸ்" என்றேன். என்ன மாதிரி டெக்ஸ்டைல்ஸ் என்றார். "ஆல் கைண்ட்ஸ், மேடம்." எல்லா வகையுமாம்! துண்டும் ஏப்ரனும் தவிர வேறு எதையும் கையால் தொட்டிராதவன் நான். அடுத்து மாத வருமானம். அதற்கு நோட்டில் பதில் இல்லை, என் மனதில் இருந்தது வந்துவிட்டது: எய்ட்டி ஃபைவ் தவுசண்ட். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தப் படிவத்தை யார் நிரப்பியது என்று கேட்டார். "ஐ ஒன்லி, மேடம்."

அந்த ஒரு பொய்யை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஒரு வெள்ளைத் தாளும் பாஸ்போர்ட்டும் கண்ணாடிக்குக் கீழே வந்தன. 214(பி), அதாவது விசா இல்லை. மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும்.

பாஸ்போர்ட்டை உறைக்குள் போட்டுக்கொண்டு திரும்பும்போது அடுத்த ஜன்னலில் நம்மவர் குரல் காதில் விழுந்தது. "...இன் தி கிரேட் கன்ட்ரி ஆஃப் அமெரிக்கா." சொல் பிசகவில்லை. மூன்றாமவரும் அதையே சொன்னதாக வெளியே டீக்கடையில் சொன்னார். மூவர் கையிலும் அதே வெள்ளைத் தாள். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே வாக்கியம். அந்த இடத்தில் நான் அதிகாரியாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அதனால் அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

214(பி) என்ன சொல்கிறது என்பதைப் பயிற்சியில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். அது 1952-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு. விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. மேல்முறையீடு கிடையாது. கட்டிய 185 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 16,000 ரூபாய், திரும்ப வராது. மறுபடி பணம் கட்டி மறுபடி போகலாம், அவ்வளவுதான். ஆக அந்த இரண்டு நிமிடத்தில் அவர் பார்க்க விரும்புவது, இந்த ஆளுக்கு இங்கே ஒரு தொழில், ஒரு பிழைப்பு உண்மையிலேயே இருக்கிறதா, வேலை முடிந்ததும் திரும்பி ஓடி வருவாரா என்பதைத்தான். அதைக் காட்ட நம்மிடம் இருக்கும் ஒரே சாமான் நம் தொழிலைப் பற்றி நாமே பேசும் பேச்சு. அதை வாங்கி வைத்துக்கொண்டு 64 வாக்கியங்களைக் கையில் கொடுத்து அனுப்பினால் என்ன நடக்கும்?

இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். சொந்தமாகத் தறி ஓட்டி மேலே வந்த பெரியவர். அவர் அனுப்பிய பிளேஸ்மேட்டில் (சாப்பாட்டு மேசை விரிப்பு) ஷேடு மாறிவிட்டது என்று அமெரிக்காவில் சரக்கு வாங்கும் பையர் கிளெய்ம் போட்டு பில்லில் பெரிய தொகையைப் பிடித்துவிட்டார். நேரில் போய்ச் சரக்கைப் பார்த்து, பேசி, பிடித்ததில் பாதியையாவது மீட்கலாம் என்று கிளம்பினார். ஊரில் யார் கேட்டாலும் சொன்னது: "ஒரு வேலையா அமெரிக்கா போறேனுங்க, கணக்க செட்டில் பண்ணிட்டு வந்துருவேன்." நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழ் பேசக் கூடாது என்று நீங்கள் அனுப்பி வைத்த பயிற்சியில் சொல்லிவிட்டார்களே, அதனால் ஜன்னலில் அதையே ஆங்கிலமாக்கினார். "ஐ கோ ஃபார் ஒர்க். டூ வீக்ஸ். டு செட்டில்."

வேலைக்குப் போகிறேன், அங்கே தங்கிவிடப் போகிறேன்! இதைவிடக் கச்சிதமாக ஒருவர் தனக்குத் தானே ரிஜெக்ட் எழுதிக்கொள்ள முடியாது. தமிழில் 'வேலையாகப் போகிறேன்' என்பதற்கும் 'வேலைக்குப் போகிறேன்' என்பதற்கும் நடுவே ஒரு உருபுதான் வித்தியாசம். வியாபார விஷயமாகப் போய் வருவதற்கான பி-1 விசா மொத்தமும் அந்த உருபில்தான் நிற்கிறது. பையரைப் பார்க்கலாம், விலை பேசலாம், ஒப்பந்தம் போடலாம், கண்காட்சிக்குப் போகலாம், இங்கே தயாராகிற சரக்குக்கு அங்கே ஆர்டர் எடுக்கலாம், கிளெய்ம் பேசி முடிக்கலாம். அங்குள்ள கம்பெனியிடம் சம்பளம் வாங்கக் கூடாது. அங்குள்ள ஆள் செய்ய வேண்டிய வேலையை நாம் போய்ச் செய்யக் கூடாது. பையரின் குடோனில் உட்கார்ந்து லேபிள் மாற்றித் தருகிறேன் என்று நல்லெண்ணத்தில் சொன்னால்கூட அது வேலைதான்.

இதில் அவர்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. பி-1-இல் ஆட்களை அனுப்பி வேலை வாங்கியதாக எழுந்த வழக்கில் 2013 அக்டோபரில் இன்ஃபோசிஸ் 3.4 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. திட்டமிட்ட விசா மோசடி எதுவும் இல்லை என்று அந்த நிறுவனம் மறுத்தது, அது வேறு விஷயம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், துண்டு தைக்கிற நம்மிடம் "அங்கே போய் என்ன செய்வீர்கள், யார் பணம் கொடுப்பார்கள்" என்று துருவுவதில் ஆச்சரியம் இல்லை. இதை அந்தப் பெரியவருக்குத் தமிழில் பத்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். 64 கேள்வியில் இது வரவில்லை.

எனக்கு என்ன நஷ்டம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் இறக்குமதியாளர் பதினோரு வருடப் பழக்கம். வரி ஏறுகிறது, நேரில் உட்கார்ந்து விலையைப் பேசலாம் வா என்று கூப்பிட்டிருந்தார். ஜூனில் எனக்கு விசா இல்லை. அந்த ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆகிவிட்டது. ஜூம் காலில் ஒரு மனிதரிடம் "நீங்கள் பாதி தாங்குங்கள், நான் பாதி தாங்குகிறேன்" என்று எப்படிப் பேசுவது? அவர் கேமராவை அணைத்துவிட்டார். அந்த சீசனின் வாஃபிள் டவல் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு முன்னால் பதினான்கு மெஷினைத் துணி போட்டு மூடினேன். எல்லாமே விசாவால் என்று சொல்ல மாட்டேன், வரி வரிதான். ஆனால் பேசிப் பார்க்கும் வாய்ப்பை எனக்குக் கெடுத்தது அந்த ஸ்பைரல் நோட்டு.

இரண்டாவது தடவை நானே படிவத்தை நிரப்பினேன். மூன்று இரவு ஆனது. ஐந்து வருடப் பயணங்கள், சமூக வலைதளக் கணக்குகள், முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்', தொழில் 'தனி உரிமையாளர்', வருமானம் 85,000. ஆங்கிலம் புரியாத இடத்தில் அக்கவுண்டன்ட் தம்பி உதவினான். உதவியவர் என்ற இடத்தில் அவன் பெயரைப் போட்டேன்.

பயிற்சி என்றால், உண்மையில் எனக்குப் பயிற்சி கொடுத்தது எங்கள் பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர் அக்கா. போகும் தேதியைச் சொன்னதும் அவர் கேட்டார்: "ஒம்பது நாளு நீங்க இல்லைன்னா சனிக்கிழமை சம்பளம் யாருங்க போடுவாங்க? டையிங்காரரு வந்து நின்னா நான் என்ன சொல்றது? கண்டெய்னரு எப்பங்க?" அவருக்குக் கவலை, அதனால் கேட்டார். பதில் சொல்லும்போதுதான் எனக்கே எல்லாம் தெளிவானது. சம்பளம் என் மனைவி போடுவார், செக்கில் கையெழுத்து அவரும் போடலாம். டையிங் பில் மாதக் கடைசியில். கண்டெய்னர் நான் திரும்பிய நாலாம் நாள் தூத்துக்குடிக்குப் போக வேண்டும், அதற்குள் நான் வந்தே ஆக வேண்டும். திரும்பி வருவேன் என்பதற்கு இதைவிடப் பத்திரம் வேண்டுமா?

2026 பிப்ரவரியில் போனேன். கோட் இல்லை. வேறொரு அதிகாரி, ஆண். தமிழில் பேசுகிறேன் என்றேன். என்ன தொழில் என்றார். "சமையலறையில கை துடைக்கிற துண்டுங்க. 18-க்கு 28 அங்குலம். வாஃபிள் நெசவு, கட்டம் கட்டமா பள்ளம் இருக்கும், தண்ணி சீக்கிரம் இழுக்கும், சீக்கிரம் காயும்." யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது, நீங்கள் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார்கள். அக்கா கேட்டதேதான்! அப்புறம் அவர் நிறுத்தினார். போன முறை மூன்று லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது 85,000, எது உண்மை?

கால் நடுங்கியது உண்மை. "85,000தான் உண்மைங்க. போன தடவை ஏஜென்ட் நிரப்பினாரு. நான் படிக்காம விட்டுட்டேன். நானே நிரப்பினேன்னு அந்த மேடம்கிட்ட சொன்னதும் தப்புதான்." அவர் நெடுநேரம் தட்டச்சு செய்தார். ஒரு நிமிடம்தான் இருந்திருக்கும், எனக்கு ஒரு ஷிஃப்ட் போல இருந்தது. விசா கிடைத்தது, பத்து வருடத்துக்கு.

தமிழில் பேசினால் கொடுத்துவிடுவார்கள் என்று யாரும் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். தமிழில் பேசி மறுக்கப்பட்டவர்களும் உண்டு. நான் சொல்வது, அந்த மூன்று லட்சத்துக்கு அவர் வேறு விதமாகவும் முடிவு எடுத்திருக்கலாம் என்பது. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து விசா வாங்கப் பார்த்தார் என்று முடிவானால், அதே சட்டத்தின் 212-ஆவது பிரிவில் வாழ்நாள் தடை வரை போகும். கன்சல்டன்டுக்கு வராது அந்தத் தடை. கையொப்பத்துக்குச் சொந்தக்காரருக்கு வரும். இந்த ஊரில் ஒரு ஏற்றுமதியாளனுக்கு அமெரிக்கா மூடினால் பாதிக் கடை மூடியது போல.

உங்கள் சுற்றறிக்கையில் "விரைவான தேதி பெற்றுத் தரப்படும்" என்று வேறு ஒரு வரி. அந்த வரியை எழுதியவர் செய்தி படிப்பதில்லை போலிருக்கிறது. 2025 மார்ச்சில், பாட் (தானாக இயங்கும் கம்ப்யூட்டர் நிரல்) வைத்துப் பிடித்த சுமார் 2,000 நேர்காணல் தேதிகளை ரத்து செய்கிறோம் என்று இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகமே வெளிப்படையாக அறிவித்தது. 2025 ஜனவரி 1 முதல் தேதியை ஒரே ஒரு தடவைதான் இலவசமாக மாற்ற முடியும். அதற்கு மேல் மாற்றினால் மறுபடி 185 டாலர். தேதி பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர் நம் லாகினை வாங்கி இஷ்டத்துக்கு மாற்றினால் பணம் யாருடையது போகும்?

பயிற்சியே இல்லாவிட்டால் நம் ஆட்கள் பயந்து உளறிவிடுவார்கள் என்று செயலாளர் தம்பி போனில் சொன்னார். பயம் நியாயம்தான். அந்தப் பயத்தை 18,000-க்கு விற்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. சங்க ஆண்டு விழாவில் மேடைத் திரையில் யார் பெயர் பெரிதாக இருந்தது என்பதை எல்லோரும்தான் பார்த்தோம். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கணக்கு காட்டினால் அந்தக் கேள்வியே எழாது.

தலைவர் அண்ணா, உங்களிடமும் நிர்வாகக் குழுவிடமும் நான் கேட்பது இவைதான். முதலில், வியாழக்கிழமை சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பரிந்துரைக் கடிதம் சந்தா கட்டிய எந்த உறுப்பினரும் கேட்டால் கொடுக்க வேண்டிய சங்கக் கடிதம். எந்தக் கன்சல்டன்டின் ரசீதையும் அதோடு முடிச்சுப் போடாதீர்கள். கடிதத்தையும் பத்துப் பேருக்கு ஒரே நகலாக அடிக்காமல், அவரவர் என்ன செய்கிறார், எத்தனை வருடமாகச் செய்கிறார், யாரைப் பார்க்கப் போகிறார் என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். டைப் செய்ய ஆள் இல்லை என்றால் நான் வந்து உட்காருகிறேன்.

சங்கத்தின் பெயரைச் சொல்லி யார் படிவம் நிரப்பினாலும், சமர்ப்பிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் உறுப்பினருக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், உதவியவர் பெயரை உள்ளபடி போட வேண்டும், கையொப்பப் பொத்தானை உறுப்பினரே அழுத்த வேண்டும். இதைத் தீர்மானமாகவே போடுங்கள். போன வருடம் அந்த ஆபீஸில் நிரப்பப்பட்ட எல்லோருடைய படிவ நகலையும் வாங்கி அவரவரிடம் கொடுங்கள். தங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மறுபடி யாரும் ஜன்னலில் போய் நிற்க வேண்டாம்.

ஸ்பைரல் நோட்டை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக மாதம் ஒரு மாலை, சங்கக் கட்டடத்திலேயே, விசா கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் உட்கார்ந்து புதிதாகப் போகிறவரைத் தமிழில் கேள்வி கேட்கட்டும். அந்த 'வேலையாக', 'வேலைக்கு' விஷயத்தை முதல் மாலையே பேசிவிடலாம். டீச் செலவு என்னுடையது.

போன வருடம் பயிற்சிக்கு வசூலான தொகை எவ்வளவு, அதில் சங்கத்துக்கு வந்தது எவ்வளவு என்ற கணக்கை வரும் பொதுக்குழுவில் வையுங்கள். நான் 2025 ஜூலையில் கொடுத்த கடிதத்தையும் அன்றைக்கே படியுங்கள்.

அந்தப் பெரியவருக்கு அடுத்த தேதி வரும் மாதம் இருக்கிறது. அதற்குள் பதில் வேண்டும். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். சுற்றறிக்கை போட்ட அதே குழுவில் போடுங்கள்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினன்,
கரூர்.